கல்யாண வீடியோ நின்று நின்று ஓடுகிறதா? கேபிளா, டிவிக்கு ஒரு பெட்டியா, புது சர்வரா?

மாசி மகம் முடிந்த வாரம் முத்தியால்பேட்டையிலிருந்து சித்தப்பா போன் செய்தார்.

"டேய், பாப்பா கல்யாண வீடியோ டிவியில நின்னு நின்னு வருதுடா. தாலி கட்டுற நேரத்துல வட்டம் சுத்துது. உங்க சித்தி கோச்சிக்கிட்டு எழுந்து போயிட்டா. புதுசா ஒரு சர்வர் வாங்கிடட்டுமா? கடையில விலைகூட கேட்டு வச்சிருக்கேன்."

"ஞாயித்துக்கிழமை வர்றேன் சித்தப்பா. அதுவரைக்கும் எதுவும் வாங்காதீங்க."

கடலூரிலிருந்து முள்ளோடை தாண்டிப் புதுச்சேரி போக பஸ்ஸில் ஒரு மணி நேரம். போகிற வழியெல்லாம் இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு போனேன். வீட்டில் மீடியா சர்வர், அதாவது வீடியோக்களைச் சேர்த்து வைத்து டிவிக்கு அனுப்பும் கணினி, வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். வீடியோ திக்கினால் சர்வர் பலவீனம் என்று நினைத்து, இருப்பதிலேயே விலை அதிகமான பொருளை முதலில் மாற்றுகிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டுக்குள் பார்ப்பதற்கு என்றால் பணம் முதலில் ஒயருக்குப் போக வேண்டும், அடுத்து டிவி பக்கம். சில வீடியோக்களுக்குப் பணமே வேண்டாம், ஒரு ராத்திரி வேலை போதும். சர்வர் கடைசி. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

சித்தப்பா வீட்டு ஏற்பாடு இதுதான். மூன்றாம் தலைமுறை ஐ5 சிப் உள்ள பழைய லேப்டாப், அதில் ஜெல்லிஃபின் என்ற இலவச மீடியா சர்வர் மென்பொருள், யூஎஸ்பியில் ஒரு 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க். ரூட்டர் வாசல் அறையில். லேப்டாப் பக்கத்து அறை மேஜையில், வைஃபையில். டிவி முற்றத்தைத் தாண்டி உள்கூடத்தில், அதன் பின்னால் செருகி வீடியோ ஓடவிடும் ஒரு ஸ்டிக். வாசல் அறைக்கும் கூடத்துக்கும் நடுவே சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய ஒன்றரை அடிச் சுவர்கள் இரண்டு. வெயில் காலத்தில் அந்த வீடு குளுகுளு என்று இருப்பது அந்தச் சுவர்களால்தான். வைஃபைக்கு அவைதான் எமன்.

நிற்பது வேறு, துள்ளுவது வேறு

முதலில் சித்தப்பாவை உட்கார வைத்து நான்கைந்து வீடியோக்களை ஓடவிட்டுப் பார்த்தேன். எல்லாவற்றையும் அவர் "நின்னு நின்னு வருது" என்றுதான் சொன்னார். கவனித்துப் பார்த்தால் அவை ஒரே நோய் இல்லை.

படம் அப்படியே உறைந்து, வட்டம் சுற்றி, பிறகு ஓடினால், தரவு நேரத்துக்கு வந்து சேரவில்லை என்று பொருள். வழி குறுகலாக இருக்கலாம். இல்லாவிட்டால் சர்வர் வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்ப முயன்று, ஓடும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கியிருக்கலாம். அந்த மாற்றும் வேலைக்குத்தான் டிரான்ஸ்கோடிங் என்று பெயர். சர்வர் கோப்பை மாற்றாமல் அப்படியே அனுப்பினால் அது டைரக்ட் ப்ளே.

வட்டமே சுற்றாமல், சத்தமும் சீராக வந்து, படம் மட்டும் வெட்டி வெட்டி நகர்ந்தால் கதை வேறு. கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது மண்டபத்துத் தூண்கள் துள்ளித் துள்ளிப் போகும். இது பெரும்பாலும் டிவி முனையில் நடப்பது. இதற்குக் கேபிள் இழுத்தாலும் பயனில்லை, சர்வர் மாற்றினாலும் பயனில்லை.

இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த எளிய சோதனை பென்டிரைவ்தான். திக்குகிற அதே கோப்பை அதில் போட்டு நேராக டிவியில் செருகுங்கள். சுத்தமாக ஓடினால் அந்த டிவிக்கு அந்தக் கோப்பு புரிகிறது, சிக்கல் வழியில் இருக்கிறது. அங்கேயும் திக்கினால், அல்லது ஓடவே மறுத்தால், கோப்புக்கும் டிவிக்கும் ஒத்துப்போகவில்லை. பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள்.

அடுத்து ஜெல்லிஃபின் டாஷ்போர்டைத் திறந்து பாருங்கள். வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே அது டைரக்ட் ப்ளேயா, டிரான்ஸ்கோடிங்கா, மாற்றினால் எந்தக் காரணத்தால் மாற்றுகிறது என்று அங்கே இருக்கும். ப்ளெக்ஸ் என்ற இன்னொரு சர்வர் மென்பொருளிலும் இதே போல ஒரு பக்கம் உண்டு. இந்த இரண்டு சோதனைகளுக்கும் கால் மணி நேரம் போதும், செலவு இல்லை. இதைச் செய்யாமல் எதையும் வாங்காதீர்கள்.

அன்றைக்குக் கிடைத்த விடை என்னையே நிமிர்ந்து உட்கார வைத்தது. நான்கு வீடியோவுக்கு நான்கு காரணம். 4கேயில் எடுத்த முழுக் கல்யாண வீடியோ டைரக்ட் ப்ளேதான், ஆனால் வைஃபைக்குத் தாங்கவில்லை. கேமராமேன் கொடுத்த, எடிட் செய்யாத மூலக் கிளிப்புகள் ஸ்டிக்கில் ஓடாததால் லேப்டாப் அவற்றை மாற்ற முயன்று திணறியது. அரைமணி நேர ஹைலைட்ஸ் நிற்காமல் ஓடியது, ஆனால் துள்ளியது. சித்தப்பா சித்தி கல்யாணத்தின் பழைய டிவிடியில், யாராவது கையை அசைத்தால் ஓரமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடு விழுந்தது. புது சர்வர் வாங்கியிருந்தால் இந்த நான்கில் ஒன்றுகூட முழுதாகத் தீர்ந்திருக்காது. ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஒயர்

கல்யாண வீடியோ 40 ஜிபி, ஒன்றரை மணி நேரம். ஒரு கோப்புக்கு நொடிக்கு எவ்வளவு தரவு வேண்டும் என்பதை மனக்கணக்காகவே போடலாம். ஜிபியை 8,000 ஆல் பெருக்கி, ஓடும் நேரத்தை நொடியாக்கி வகுத்துவிடுங்கள். 3,20,000 வகுத்தல் 5,400, கிட்டத்தட்ட 59. அதாவது சராசரியாக 59 எம்பிபிஎஸ், நொடிக்கு 59 மெகாபிட். அது சராசரிதான். மாலை மாற்றும்போதும், எல்லாரும் அட்சதை தூவும்போதும், ஃபிளாஷ் வெளிச்சம் மாறி மாறி அடிக்கும்போதும் அதைவிட நிறைய எகிறும். தாலி கட்டும் நேரம் பார்த்து வட்டம் சுற்றியதற்குக் காரணம் இதுதான். மணமேடையில் அத்தனை பேர் கையும் ஒரே நேரத்தில் அசைகிறது, அந்த நொடிகளுக்குத்தான் தரவு அதிகம்.

இனி வழியை அளக்க வேண்டும். லேப்டாப்பில் ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு, போனில் டெர்மக்ஸ் என்ற செயலி வழியாக அதையே போட்டு, போனை டிவி பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் 24 எம்பிபிஎஸ் வந்தது. இன்டர்நெட் வேகம் பார்க்கும் செயலி இதற்கு உதவாது. அது வெளியே போகும் வழியை அளக்கிறது. நமக்கு வேண்டியது வீட்டுக்குள் இருக்கும் வழி. "நான் மாசாமாசம் 200 எம்பிபிஎஸ் பிளானுக்குக் காசு கட்டுறேனேடா" என்று சித்தப்பா கேட்டார். பிளான் ரூட்டர் வரைக்கும்தான். அதற்கு உள்ளே நம் வீடுதான் பொறுப்பு.

இங்கே பைசா செலவில்லாத ஒரு திருத்தம் இருந்தது. லேப்டாப்பும் வைஃபை, டிவியும் வைஃபை என்றால் ஒவ்வொரு பைட்டும் காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது. லேப்டாப்பிலிருந்து ரூட்டருக்கு ஒரு முறை, ரூட்டரிலிருந்து டிவிக்கு ஒரு முறை. இரண்டும் ஒரே சேனலைப் பங்கு போட்டுக்கொள்வதால் வேகம் பாதியாகிவிடும். லேப்டாப்பை எடுத்துப்போய் ரூட்டர் பக்கத்தில் வைத்து, ரூட்டர் பெட்டியோடு வந்திருந்த ஒரு மீட்டர் கேபிளில் இணைத்தேன். 24 என்றிருந்தது 46 ஆனது. சர்வரை வைஃபையில் வைத்திருக்கும் யாராக இருந்தாலும் இன்றைக்கே செய்ய வேண்டியது இதைத்தான்.

46 இருந்தாலும் 59 தேவைப்படும் வீடியோ நிற்கத்தான் செய்யும். மீதி இரண்டு சுவர்களின் வேலை.

இங்கே நல்ல ரூட்டர், மெஷ், பவர்லைன், கேபிள் என்று நான்கு வழி இருக்கிறது. எதிரே இருக்கும் சுவர் மாறாதவரை விலை உயர்ந்த ரூட்டர் பெரிதாக உதவாது. வீட்டில் ஆங்காங்கே பெட்டி வைத்து வைஃபையைப் பரப்பும் மெஷ் நல்லதுதான், ஆனால் இரண்டு பெட்டிகளும் காற்றிலேயே பேசிக்கொண்டால் அதே இரட்டைப் பயணம் திரும்ப வரும். பெட்டிகளுக்கு நடுவே ஒயர் போட்டால்தான் மெஷ் முழு பலன் தரும். வீடு முழுக்க போனுக்கும் நல்ல வைஃபை வேண்டும் என்றால் அந்த வழி சரி. வீட்டுக் கரண்ட் ஒயரிலேயே தரவை அனுப்பும் பவர்லைன் அடாப்டரை நம் ஊர் வீடுகளுக்கு நான் சொல்ல மாட்டேன். ஒரு பிளக் இன்வெர்ட்டர் லைனிலும் இன்னொன்று மெயின் லைனிலும் இருக்கும். மூன்று ஃபேஸ் வீடு என்றால் இரண்டும் வேறு வேறு ஃபேஸில் இருக்கும். நடுவே மோட்டார் ஓடும். எல்லாமே வேகத்தைக் கெடுக்கும்.

கேபிள் இழுக்க முடிந்தால் கேபிள்தான். கேட்5இ ரகக் கேபிள் போதும், 100 மீட்டர் வரை 1,000 எம்பிபிஎஸ் தாங்கும். கேட்6 வாங்கினால் கூடுதல் நிம்மதி. சித்தப்பா வீட்டில் தாழ்வார ஓரமாக, ஓட்டுக்குக் கீழே உத்தரத்தை ஒட்டி, கேசிங் பட்டைக்குள் 18 மீட்டர் போட்டோம். தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் அரை நாளில் முடித்துவிட்டார். கரண்ட் ஒயர் போகிற பைப்பிலேயே இதையும் நுழைக்க வேண்டாம், தனியாகப் போகட்டும். வாடகை வீடு, துளை போட முடியாது என்றால் கதவு நிலையை ஒட்டிப் போகிற தட்டைக் கேபிள் கிடைக்கிறது. அதுவும் சரிப்படாது என்றால், ரூட்டரையே டிவி பக்கம் மாற்றித்தரச் சொல்லி இன்டர்நெட்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்கு மேலே செம்பு பூசிய கேபிள் மலிவாகக் கிடைக்கிறது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அதன் கம்பி இரண்டு முறை வளைத்தால் முறிந்துவிடும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். வைத்திக்குப்பம், குருசுக்குப்பம், நம் பக்கம் தேவனாம்பட்டினம், கடலூர் பழைய நகரம், எங்கே இருந்தாலும் உப்புக்காற்று கேபிள் முனையைத் தின்னும். 1,000 எம்பிபிஎஸ் வேகத்துக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100க்கு இரண்டு ஜோடி போதும். மற்ற இரண்டு ஜோடியில் ஒரு முள் பச்சை பூத்துத் தொடர்பு விட்டால் இணைப்பு பெரும்பாலும் அறுந்துபோகாது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். இன்டர்நெட் வழக்கம் போல ஓடும், கனமான வீடியோ மட்டும் திக்கும். ரூட்டரின் பக்கத்தில் அந்த போர்ட் 1,000 என்று காட்டுகிறதா, 100 என்று காட்டுகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். 1,000 தாங்கும் கருவி இருந்தும் 100 என்று காட்டினால் முனையை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்தால் போதும்.

இன்னொன்று, டிவியில் கேபிள் செருகும் லேன் போர்ட். 4கே டிவிகளில்கூடப் பலவற்றில் அந்த போர்ட் 100 எம்பிபிஎஸ் மட்டுமே, நடைமுறையில் 94 கிடைக்கும். 59 எம்பிபிஎஸ் வீடியோ அதில் பெரும்பாலும் ஓடிவிடும், எகிறும் இடங்களில் இழுபறி. 4கே ப்ளூரே வட்டின் உச்ச அளவு 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டும், அது அந்த போர்ட்டில் நிச்சயம் நிற்கும். டிவியும் ரூட்டரும் ஒரே அறையில் இருந்தால் டிவியின் லேன் போர்ட்டைவிட 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையே வேகமாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆகையால் டிவி மாடலின் விவரப் பட்டியலில் அந்த எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டு கேபிளை எங்கே செருகுவது என்று முடிவு செய்யுங்கள்.

டிவி பக்கம் ஒரு பெட்டி

கேபிள் வந்த பிறகு முழுக் கல்யாண வீடியோ நிற்கவில்லை. ஹைலைட்ஸ் மட்டும் முன்பு போலவே துள்ளிக்கொண்டிருந்தது. இந்தத் துள்ளலைப் பற்றி நம் ஊரில் போதுமான அளவு யாரும் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம்.

நம் நாட்டுக் கல்யாண வீடியோக்கள் பெரும்பாலும் நொடிக்கு 25 அல்லது 50 படம் என்ற கணக்கில் எடுக்கப்படுபவை, பால் (PAL) என்ற பழைய டிவி ஒளிபரப்பு முறையின் தொடர்ச்சி. ஸ்டிக்கும் பெட்டியும் கடையிலிருந்து வரும்போது 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை படம் காட்டும் நிலையில், நிற்கும். 25 படத்தை 60 இடத்தில் பரப்ப வேண்டும், சமமாகப் பிரியாது. ஆகவே சில படங்கள் இரண்டு முறை, சில மூன்று முறை என்று ஏறுமாறாகக் காட்டப்படும். நின்றுகொண்டு பேசும் காட்சியில் கண்ணுக்குத் தெரியாது. கேமரா பந்தல் முழுக்கச் சுழன்று வந்தால் நன்றாகத் தெரியும். கோப்பிலும் பழுதில்லை, சர்வரிலும் பழுதில்லை, வழியிலும் பழுதில்லை.

இதற்கு மருந்து, வீடியோவுக்கு ஏற்ப டிவியை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றச் சொல்லும் அமைப்பு. ஜெல்லிஃபினின் ஆண்ட்ராய்டு டிவி செயலியில் ரிஃப்ரெஷ் ரேட் மாற்றும் தேர்வு இருக்கிறது. கோடி (Kodi) என்ற செயலியிலும் இருக்கிறது. தேர்வைப் போட்டால் மட்டும் போதாது, பெட்டியும் அதற்குக் கீழ்ப்படிய வேண்டும். சித்தப்பாவிடம் இருந்த ஸ்டிக் கீழ்ப்படியவில்லை. அதனால்தான் புதுப் பெட்டி வாங்கச் சொன்னேன். வாங்கும்போது நான் பார்த்தவை: ஃபிரேம் ரேட் மாறுகிறதா, 10 பிட் ஹெச்.265 என்ற வீடியோ வடிவம் ஓடுமா, 1,000 எம்பிபிஎஸ் லேன் போர்ட் உண்டா. ஏவி1 வடிவமும் ஓடினால் இன்னும் பல வருடம் தாங்கும். போர்ட் விஷயத்தில் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஆப்பிள் டிவி 4கேயின் 2022 மாடலில் 64 ஜிபி பெட்டிக்கு லேன் போர்ட் கிடையாது, 128 ஜிபி பெட்டிக்குத்தான் உண்டு.

பெட்டி பக்கம் பணம் போடுவதில் எனக்குப் பிடித்த இன்னொரு காரணம், அது சர்வரின் சுமையைக் குறைக்கிறது. பெட்டிக்கு எத்தனை வடிவம் தெரியுமோ, அந்த அளவுக்கு டிரான்ஸ்கோடிங் தேவையில்லாமல் போகிறது. டிவிக்கு டிடிஎஸ் ஒலி தெரியாவிட்டால் சர்வர் ஒலியை மாற்றும். அது சின்ன வேலை, பழைய லேப்டாப்கூடச் செய்துவிடும். சப்டைட்டில் அப்படியில்லை. எஸ்ஆர்டி போன்ற எழுத்துக் கோப்பு என்றால் சுமை இல்லை. ப்ளூரேவிலிருந்து வரும் பிஜிஎஸ் சப்டைட்டில் ஒவ்வொன்றும் ஒரு படம். அதைப் படிக்கத் தெரியாத செயலிக்காக, சர்வர் முழு வீடியோவையும் பிரித்து, எழுத்தை அதன் மேலேயே ஒட்டி, திரும்பக் கட்டி அனுப்பும். வீடியோ திக்கினால் ஒருமுறை சப்டைட்டிலை நிறுத்திப் பாருங்கள். பல வீடுகளில் வியாதி அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொரு சின்ன விஷயம். யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்கும் அதன் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இரைச்சல் போடும். ஸ்டிக்குக்கும் ரூட்டரின் ஆன்டெனாவுக்கும் ஒட்டினாற்போல டிஸ்கை வைக்காதீர்கள்.

சர்வர்

புது சர்வர் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதில் தெளிவு வேண்டும்.

டைரக்ட் ப்ளேயில் சர்வர் செய்வது கோப்பைப் படித்து அனுப்புவது மட்டும்தான். 59 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு ஏழரை மெகாபைட்கூட இல்லை. பழைய யூஎஸ்பி 2 டிஸ்க் நொடிக்கு 30 மெகாபைட் கொடுக்கும். மூன்றாம் தலைமுறை ஐ5க்கு இது ஒரு வேலையே இல்லை.

டிரான்ஸ்கோடிங் என்று வந்தால்தான் சிப்பின் வயது தெரியும். இன்டெல் சிப்புகளில் வீடியோவுக்கென்று தனிப் பகுதி 2011இல் வந்தது, பெயர் குவிக் சிங்க். அது ஹெச்.265ஐப் பழகியது ஆறாம் தலைமுறையில், 2015இல். 10 பிட் ஹெச்.265 ஏழாம் தலைமுறையில். சித்தப்பாவின் லேப்டாப் அதற்கெல்லாம் முந்தியது. இன்று வாங்குவதென்றால் இன்டெல் என்100 போட்ட குட்டிக் கணினி நல்ல தேர்வு. 2023 தொடக்கத்தில் வந்த சிப், அதன் மின் அளவு வெறும் 6 வாட். கணினி மொத்தமும் 10 வாட் எடுத்தாலும் மாதம் ஏழு யூனிட்தான் ஆகும். ராஸ்பெரி பை 5 பலருக்கும் தோன்றும், ஆனால் அதில் வீடியோவைக் கட்டும் வன்பொருளே கிடையாது. டைரக்ட் ப்ளேக்கு மட்டும் என்றால் சரி. மென்பொருள் பக்கம், வன்பொருள் டிரான்ஸ்கோடிங்குக்கு ப்ளெக்ஸில் ப்ளெக்ஸ் பாஸ் கட்ட வேண்டும், ஜெல்லிஃபினில் இலவசம். வீட்டுக்கு ஜெல்லிஃபினே போதும் என்பது என் எண்ணம்.

கேமராமேன் கொடுத்த மூலக் கிளிப்புகளுக்கு வருகிறேன். அவை ஹெச்.264, 10 பிட், 4:2:2 நிற அளவு. எடிட்டிங் மேஜைக்காக உள்ள வடிவம், டிவிக்காக உள்ளது இல்லை. என்100 சிப்பின் வீடியோ பகுதிக்கும் இந்த வடிவம் தெரியாது. கடையில் விலை கேட்ட குட்டிக் கணினியைச் சித்தப்பா வாங்கியிருந்தாலும், 4கேயில் இந்தக் கிளிப்புகளை ஓடும்போதே மாற்றுவது அதற்கு மூச்சு முட்டும் வேலை. இந்த ஒரு விஷயத்தைச் சொன்னபோதுதான் அவர் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டார்.

ஏற்கெனவே இருக்கும் லேப்டாப்பைச் சர்வராக வைத்திருப்பவர்கள் இரண்டைக் கவனியுங்கள். மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள், அக்னி நட்சத்திரத்தில் சிப் சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று அடிக்கடி அடிப்பக்கம் தடவிப் பாருங்கள். உப்பியிருந்தால் அன்றைக்கே கழற்றிவிட வேண்டும்.

ஒரே ஒரு முறை மாற்றிவைப்பது

ஒரே வீடியோவை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் சர்வர் மாற்றித் தருவதற்குப் பதிலாக, நாமே ஒருமுறை மாற்றி வைத்துவிடலாம். வீட்டு வீடியோக்களுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை என்று நினைக்கிறேன். அவை எண்ணிக்கையில் குறைவு, திரும்பத் திரும்பப் பார்ப்பவை, புதிதாக அடிக்கடி சேராதவை.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். ஹெச்.265, தர அளவு ஆர்எஃப் 20 பக்கம், ஃபிரேம் ரேட் மூலத்தில் உள்ளபடியே, மாறாமல். 25 படத்தை 30 ஆக மாற்றிவிடாதீர்கள், துள்ளலை நாமே கோப்புக்குள் ஏற்றியதாகிவிடும். இந்த வேலையைப் பழைய லேப்டாப்பில் போட்டால் நாள்கணக்கில் ஓடும். கிளிப்புகளை என் மேஜைக் கணினிக்குக் கொண்டுவந்து ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் தயாராக இருந்தன. 20 எம்பிபிஎஸ் பக்கம் வந்தால் ஒன்றரை மணி நேர வீடியோ பதினான்கு ஜிபிக்குள் அடங்கும். சித்தி வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை, நானும் டிவியில் கண்டுபிடிக்கவில்லை.

பழைய டிவிடிக்குத் தனிக் கவனம் தேவை. அது 576 வரி, இன்டர்லேஸ்டு. ஒவ்வொரு படமும் ஒற்றைப்படை வரிகள் ஒரு நொடித்துளியிலும் இரட்டைப்படை வரிகள் அடுத்த துளியிலும் எடுத்தது. இரண்டையும் அப்படியே சேர்த்துக் காட்டினால் அசைவில் சீப்புப் பல் தெரியும். ஹேண்ட்பிரேக்கில் பிடபிள்யூடிஃப் வடிகட்டியில் பாப் தேர்வைப் போட்டால், ஒவ்வொரு பாதியும் ஒரு முழுப் படமாகி நொடிக்கு 50 வரும். சித்தியின் அம்மா பந்தியில் இலை போட்டுக்கொண்டே நடந்து வரும் ஒரு காட்சி, முன்பு கோடு கோடாக இருந்தது, இப்போது தண்ணீர் போல ஓடியது.

மாற்றிய பிறகு மூலக் கோப்பை அழிக்கவே கூடாது. இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். இன்னொரு டிஸ்கில் போட்டு மச்சில் வைத்துவிடுங்கள். 2011இல் தானே புயல் நம் இரண்டு ஊரையும் புரட்டிப்போட்டது, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தரையோடு இருக்கும் டிவி மேஜையில், ஒரே ஒரு டிஸ்கில், ஒரு குடும்பத்தின் ஐம்பது வருடத்தை வைத்திருக்கக் கூடாது.

பாரிஸில் இருக்கும் பாப்பா

முதலில் சொன்ன விதிவிலக்கு இது. புதுச்சேரியில் தெருவுக்கு இரண்டு வீட்டிலாவது ஒரு பிள்ளை பிரான்சில் இருக்கும். கல்யாணமான தங்கை பாப்பாவும் அங்கேதான். அவளுக்கும் இந்த வீடியோக்கள் வேண்டும்.

வெளியூருக்கு அனுப்பும்போது நம் வீட்டின் அப்லோடு வேகம்தான் கணக்கு. 59 எம்பிபிஎஸ் கோப்பை கடல் தாண்டிச் சீராக அனுப்ப முடியும் என்று நம்ப வேண்டாம். 8 எம்பிபிஎஸ் பக்கம் சுருக்க வேண்டும், அந்தச் சுருக்கலை ஓடும்போதே செய்ய நல்ல சிப் வேண்டும். தங்கைக்கு எல்லாக் கோப்பும், எந்த நேரமும், போனிலும் டிவியிலும் வேண்டும் என்றால் என்100 கணினிக்குப் பணம் போடுவது நியாயம். பத்துப் பதினைந்து வீடியோ மட்டும் என்றால் 1080பியில் 8 எம்பிபிஎஸ் நகல் ஒன்றைக் கூடவே செய்து அதே ஃபோல்டரில் வைக்கலாம். கோப்புப் பெயரின் கடைசியில் ஒரு கோடு போட்டு 1080பி என்று எழுதினால், ஜெல்லிஃபின் இரண்டையும் ஒரே வீடியோவின் இரண்டு வடிவங்களாகக் காட்டும். நாங்கள் இப்போதைக்கு இரண்டாவது வழியை எடுத்துக்கொண்டோம். மாப்பிள்ளைக்காகத் தங்கை பிரெஞ்சில் எழுதிய சடங்கு விளக்கங்களை எஸ்ஆர்டியாகப் போட்டிருக்கிறோம்.

இன்னொரு தடை, நம் ஊர் இன்டர்நெட் இணைப்புகளில் பலவும் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுப்பவை. ரூட்டரில் போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. இரண்டு இடத்துக் கருவிகளையும் ஒரே தனி வலையாக இணைக்கும் டெய்ல்ஸ்கேல் என்ற மென்பொருளை இரு பக்கமும் போட்டால் அந்தத் தடை நீங்கும். நேர் இணைப்பு கிடைக்காதபோது அது நடுவில் ஒரு சர்வர் வழியாகச் சுற்றிப் போகும், அப்போது வேகம் குறையும். தங்கை பக்கம் ஒரு முறை அப்படி ஆனது, 8 எம்பிபிஎஸ் நகலே நின்றது. அடுத்த நாள் நேர் இணைப்பு கிடைத்ததும் சரியானது.

சித்தப்பா வீட்டில் கடைசியில் ஆன செலவு, 18 மீட்டர் கேபிள், கேசிங் பட்டை, எலக்ட்ரீஷியன் கூலி, லேன் போர்ட் உள்ள ஒரு பெட்டி. அவர் வாங்க நினைத்த கணினி விலையில் பாதிகூட வரவில்லை. கூடத்தில் இப்போது ஐபெர்ஃப்3 போட்டால் 900க்கு மேல் காட்டுகிறது. பழைய லேப்டாப் ரூட்டர் பக்கத்திலேயே இருக்கிறது, காற்றோட்டமாக, ஒரு மர ஸ்டூலின் மேல். டிவிடிகள் மொத்தம் பதினொன்று, மூன்றுதான் மாற்றியிருக்கிறேன். மீதியை ஒரு பையில் போட்டுச் சித்தி என் கையில் கொடுத்துவிட்டார். காதுகுத்து டிவிடியில் ஒரு கீறல் இருக்கிறது, அதைத்தான் முதலில் எடுக்கப் போகிறேன்.